புளூம்ஸ்பெரிக் குழாம்: அச்சும் நட்பும்

1905ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இருபத்துநான்கு வயது நிரம்பிய ஆங்கில இளைஞரொருவர் சிவில் சேவைப் பயிலுநராக வந்து சேர்ந்தார். அநுராதபுரம் வரை புகையிரதம். அதற்கப்பால் வன்னிக் காட்டினூடாக மாட்டு வண்டிப் பயணம். அவருடைய பொதிகளுள் வால்ட்டயரின் எழுத்துக்கள் அடங்கிய பெருந்தொகுதி ஒன்று இருந்தது. கூடவே ஒரு நாயும் வந்தது. அவர் பெயர் லெனாட் வூல்ஃப். அதே ஆண்டில், இலண்டன் மாநகரின் புளூம்ஸ்பெரிப் பகுதியில், கோர்டன் சதுக்கம் 46ஆம் இலக்க இல்லத்தில், அவருடைய கேம்பிரிட்ஜ்த் தோழர்கள் வியாழக்கிழமை தோறும் இரவு கூடிப் பேசத் தொடங்கினார்கள். கொக்கோ, பணிஸ், விஸ்கி. இவற்றோடு நள்ளிரவு கடந்தும் பேச்சு.

இந்த ஒருங்குநிகழ்ச்சியை நான் பலகாலும் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆங்கில இலக்கியத்தையும் ஓவியத்தையும் இருபதாம் நூற்றாண்டில் புதுத் திசைக்குத் திருப்பிய குழாங்களுள் தலையாயது என்று பேசப்படும் புளூம்ஸ்பெரிக் குழாம் பிறந்தபோது, பின்னாளில் அதன் நடுத்தூணாக நின்றவர் அங்கிருக்கவில்லை. நம்மூர்க் கச்சேரியில் மனுக்களையும் கோப்புக்களையும் புரட்டிக்கொண்டிருந்தார். இதனை யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வது என் நோக்கமன்று. கூடிப் பேசும் நண்பர் குழாம் ஒன்று எப்பொழுது ஓர் இலக்கிய சக்தியாகிறது என்ற வினாவுக்கு இந்த வரலாற்றில் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. அவ்வினா நமக்கும் உரியது.

முதலில் அந்தக் குழாத்தினர் யாவர் என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1899இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவருள் லெனாட் வூல்ஃப், லிற்றன் ஸ்ட்ரேச்சி, கிளைவ் பெல், தோபி ஸ்டீபன் ஆகியோர் இருந்தனர். அவர்களுட் பலருக்கு மானசீக குருவாக விளங்கியவர் ஜி. ஈ. மூர் என்னும் தத்துவ ஆசிரியர். 1903இல் அவருடைய ‘பிரின்சிப்பியா எதிக்கா’ வெளிவந்தது. நூலைக் காட்டிலும் அவருடைய பேச்சுமுறையே மாணவரை ஆட்கொண்டது. ஒருவர் ஏதேனும் ஒரு கருத்தை ஆரவாரமாகக் கூறினால், அதனால் அவர் கருதுவது துல்லியமாக யாது என்று மூர் வினவுவார். வினவிவிட்டு விடைக்காகக் காத்திருப்பார். சொல்லலங்காரம் அந்த மௌனத்தின் முன் நில்லாது.

தோபியின் தந்தையார் சேர் லெஸ்லி ஸ்டீபன் 1904இல் காலமானார். பிள்ளைகள் வனெசா, தோபி, வேர்ஜினியா, ஏட்ரியன் என்னும் நால்வரும் தம் பழைய இருண்ட வீட்டைவிட்டு, உறவினர் முகஞ்சுளிக்கும்படியாக, புளூம்ஸ்பெரிக்குக் குடிபெயர்ந்தனர். தோபி தம் கல்லூரித் தோழரை அங்கு அழைத்தார். இங்கேதான் கேம்பிரிட்ஜில் நிகழாத ஒன்று நிகழ்ந்தது. வனெசாவும் வேர்ஜினியாவும் தம் சகோதரரைப்போல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டவரல்லர். மணமாகாத பெண்கள் விருந்தினர்க்குத் தேநீர் வார்த்துப் புன்னகை புரிவதோடு தம் கடமை முடிந்தது என்றிருந்த ஒரு சமூகத்தில், அவர்கள் ஆடவரோடு சரியாசனத்திலிருந்து அழகென்றால் என்ன, நன்மையென்றால் என்ன என்று வாதிட்டனர். அவர்களுடைய வாதமும் மூரின் உரைகல்லிலேயே உரைக்கப்பட்டது. பெண்ணென்பதற்காகச் சலுகை காட்டப்படவில்லை. வேர்ஜினியா பெற்ற பல்கலைக்கழகக் கல்வி அதுவேயெனலாம்.

1906இல் கிரேக்க நாட்டுப் பயணத்தின்பின் தோபி நெருப்புக்காய்ச்சலால் மாண்டார். குழாம் கலைந்திருக்க வேண்டும், கலையவில்லை. அடுத்த ஆண்டில் வனெசா கிளைவ் பெல்லை மணந்தார். பொருளியலாளர் ஜோன் மேனாட் கெய்ன்ஸ், ஓவியர் டங்கன் கிராண்ட், நாவலாசிரியர் ஈ. எம். ஃபோஸ்ரர் முதலியோர் காலப்போக்கில் அந்த வட்டத்துட் சேர்ந்தனர்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1905 முதல் 1910 வரையுள்ள இந்த ஆண்டுகளில் அவர்கள் செய்தது பெரும்பாலும் பேச்சே. ஃபோஸ்ரரைத் தவிர்த்து நோக்கினால், இன்று நாம் போற்றும் நூல்களுள் ஒன்றேனும் அக்காலத்தில் அவர்களிடமிருந்து வெளிவரவில்லை. ஸ்ட்ரேச்சியின் முதல் நூல் 1912இலும், கெய்ன்ஸின் முதல் நூல் 1913இலும், வேர்ஜினியாவின் முதல் நாவல் 1915இலுமே வந்தன. அறிவும் வசதியும் ஓய்வும் உடைய இளைஞர் சிலர் இரவெல்லாம் பேசினார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால், அவர்களை இன்று யார் நினைப்பார்? அத்தகைய குழாங்கள் எல்லா நகரங்களிலும் தோன்றி மறைகின்றன. நம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தேநீர்க்கடை மேசைகளோடு மறைந்தவை எத்தனையோ.

பேச்சை வேலையாக மாற்றியவர் இருவர் என்பது என் எண்ணம். ஒருவர் ரோஜர் ஃப்ரை. ஏனையோரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், கலை விமரிசகர், ஓவியர். 1910ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் கிராஃப்ற்றன் மண்டபத்தில் செசான், வான் கோ, கோகன், மத்தீஸ் முதலியோரின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். நகரமே நகைத்தது. பத்திரிகைகள் இது பித்தர் வேலை என்றன. ஃப்ரை அசையவில்லை, 1912இல் இரண்டாம் காட்சியொன்றையும் நடத்தினார். அதற்குச் செயலாளராக அமர்ந்தவர் யார் தெரியுமோ? அம்பாந்தோட்டையில் உப்பளங்களை மேற்பார்த்துவிட்டு வந்த லெனாட் வூல்ஃப்! வருவோர் படங்களின்முன் நின்று எள்ளி நகைப்பதையும் சினந்து வெகுள்வதையும் நாள்தோறும் மேசையிலிருந்து கண்டுகொண்டிருந்தார். 1913இல் ஃப்ரை ‘ஒமேகா’ என்ற கலைக்கூடத்தை நிறுவினார். வறிய இளம் ஓவியருக்கு வாரம் 30 ஷிலிங் வேதனம். அவர்கள் கதிரைக்கும் திரைச்சீலைக்கும் மட்பாண்டத்துக்கும் ஓவியந் தீட்டவேண்டும். பெயர் பொறிக்கலாகாது, கிரேக்க ஒமேகா எழுத்து மாத்திரமே. அது 1919இல் மூடப்பட்டது. வணிக முறையிற் பார்த்தால் தோல்விதான்.

மற்றவர் லெனாட் வூல்ஃப். யாழ்ப்பாணத்தில் இரண்டரை ஆண்டுகள், கண்டியில் ஓராண்டு, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கிட்டத்தட்ட மூன்றாண்டுகள் எனப் பணியாற்றிவிட்டு, 1911இல் விடுமுறையில் ஊர் திரும்பினார். இங்கு அவர் தமிழும் சிங்களமும் பயின்றார். 1906இல் மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தார். நம்மவருக்கு அவர் இனியவராக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாண வழக்கறிஞரொருவரைக் குதிரைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் என்று அவர்மீது ஒரு முறைப்பாடு எழுந்தது. சவுக்கை நீட்டித் திசை காட்டினேனேயன்றி அடிக்கவில்லை என்பது அவர் பக்கத்து வாதம். எது உண்மையாயினும், சவுக்கேந்திய வெள்ளைக்காரத் துரையாக அவர் நம் தெருக்களில் உலாவினார் என்பதில் ஐயமில்லை. அந்த உலாவே தமக்கு வெறுத்துப்போயிற்று என்று பின்னர் அவர் எழுதினார். 1912இல் பதவியைத் துறந்து வேர்ஜினியாவை மணந்தார். மறுவருடம் வெளிவந்த ‘காட்டிலுள்ள கிராமம்’ என்ற நாவலில், ஆளுவோர் கண்ணால் அன்றி, காடும் கடனும் சட்டமும் சேர்ந்து நசுக்கும் சிங்களக் கிராமத்தவர் கண்ணால் உலகைக் காட்டினார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அரசாங்கம் அடக்கிய முறைக்கு எதிராக நீதி கோரி இலண்டன் சென்ற நம் நாட்டுத் தலைவர்களுக்கு உதவினார். 1938இல் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பொன்றில், இலங்கைச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்குச் சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையோ பரந்த அதிகாரப் பகிர்வோ ஆராயத்தக்கது என்றும் சொல்லிவைத்தார். அது தனியே எழுதவேண்டிய கதை.

இங்கு நான் சொல்ல வந்தது வேறு. கச்சேரிப் பணி அவருக்கு ஒரு பழக்கத்தைப் படிப்பித்தது: நாள்தோறும் செய்ததை நாட்குறிப்பில் பதிவது, வரவு செலவைச் சதக் கணக்கில் எழுதுவது, தொடங்கிய வேலையை அன்றே முடிப்பது. மூரின் மாணவருள் இப்பழக்கமுடையோர் அரியர்.

1917ஆம் ஆண்டு வந்தது. வேர்ஜினியா கடும் மனநோயிலிருந்து மீண்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. இலண்டனை அடுத்த ரிச்மண்டில் ஹோகார்த் இல்லம் என்ற வீட்டில் இருவரும் வாழ்ந்தனர். அச்சுக்கலை பயில விரும்பி ஒரு பயிற்சிக்கூடத்தை அணுகினர். தொழில் பயிலும் தொழிலாளர்க்கன்றி ஏனையோருக்கு இடமில்லை என்று விடை கிடைத்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் கடையொன்றின் கண்ணாடி ஜன்னலில் அச்சுச் சாமான்களைக் கண்டு உள்ளே நுழைந்தனர். சிறு கையச்சு யந்திரம், எழுத்துக்கள், வேண்டிய ஏனைய உபகரணங்கள், கற்றுக்கொள்ள ஒரு சிறு கைநூல் ஆகிய எல்லாவற்றுக்குமாக 19 பவுண் 5 ஷிலிங் 5 பென்ஸ். யந்திரம் வீட்டுச் சாப்பாட்டறையில் ஏறியது. லெனாட்டுக்குப் பிறவியிலிருந்தே கைநடுக்கம். ஈயவெழுத்துப் பொறுக்கிக் கோக்க அவரால் இயலாது. எனவே வேர்ஜினியா எழுத்துக் கோத்தார். லெனாட் யந்திரத்தை இயக்கினார். அவ்வாண்டு ஜூலையில் முதல் நூல் வெளிவந்தது. கணவர் கதை ஒன்று, மனைவி கதை ஒன்று, இரண்டும் சேர்ந்து ‘இரு கதைகள்’. அச்சிட்டவை 150 பிரதிகள், விற்றவை 134. செலவு 3 பவுண் 7 ஷிலிங்; வரவு 10 பவுண் 8 ஷிலிங். கச்சேரிக் கணக்குப்போல் எல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சாப்பாட்டறையிலிருந்து பின்னர் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1918இல் கதரின் மான்ஸ்ஃபீல்டின் நெடுங்கதை. 1919இல் ரி. எஸ். எலியற்றின் கவிதைகள். 1923இல் அவருடைய ‘பாழ்நிலம்’ இங்கிலாந்தில் முதன்முறையாக நூல்வடிவம் பெற்றது. அதற்கு எழுத்துக் கோத்த விரல்கள் வேர்ஜினியாவுடையவை. 1924 முதல் சிக்மண்ட் ஃப்ராய்டின் நூல்களை ஆங்கிலத்திற் பதிப்பிக்கும் பொறுப்பும் இவ்வச்சகத்தைச் சார்ந்தது. 1926இல் வேர்ஜினியாவின் தாய்வழிப் பாட்டியின் தமக்கையான ஜூலியா மாகிரட் கமரோனின் ஒளிப்படங்கள் ஒரு நூலாயின. (அந்த அம்மையார் 1879இல் இலங்கையிற் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பதை மலைநாட்டு வாசகர் அறிவர்.)

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது வேர்ஜினியாவுக்கு அவ்வச்சகம் கொடுத்த சுதந்திரம். அவருடைய முதல் இரண்டு நாவல்களை வெளியிட்டவர் அவருடைய தாயின் முதல் மணத்திற் பிறந்த சகோதரர். தாம் அஞ்சி வெறுத்த ஒருவர் தம் எழுத்தை எடைபோடுவதை நினைத்து அவர் நடுங்கினார். 1922இல் வந்த ‘ஜேக்கப்பின் அறை’ தொடங்கி எல்லா நாவல்களும் சொந்த அச்சகத்தில் வந்தன; மேலுறைச் சித்திரம் பெரும்பாலும் தமக்கை வனெசாவுடையது. பதிப்பாளர் எதை விரும்புவார், எதை வெட்டுவார் என்ற கேள்வியே அற்றுப்போயிற்று. முதல் இரண்டு நாவல்களையும் அதற்குப் பின்வந்தவற்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு வேற்றுமை கண்கூடு. கதை நிகழ்ச்சியை விட்டு நினைவோட்டத்தை எழுதத் துணிந்தமைக்கு அந்தச் சாப்பாட்டறை யந்திரத்துக்கும் ஒரு பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

இக்குழாத்தைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. அவர்களிற் பலருக்குப் பரம்பரைப் பணம் இருந்தது. சமையற்கட்டில் வேலைக்காரர் இருந்தனர். அந்த வேலைக்காரரைப்பற்றி வேர்ஜினியா நாட்குறிப்பில் எழுதியவற்றை வாசிக்கும்போது கூசுகிறது. 1910இல் அவரும் டங்கன் கிராண்டும் முகத்திற் கருமை பூசி அபிசீனிய அரசகுமாரராகவும், ஏட்ரியன் மொழிபெயர்ப்பாளராகவும் வேடமிட்டுக் கடற்படைக் கப்பலொன்றை ஏமாற்றினர். அதை இன்றுங்கூடச் சிலர் இனிய வேடிக்கையாகச் சொல்கின்றனர், கருமை நிறத்தவரான நமக்கு அதிற் சிரிப்பதற்கு அதிகமில்லை. 1918இல் ஹரியற் வீவர் அம்மையார் ஜேம்ஸ் ஜோய்ஸின் ‘யுலிஸஸ்’ கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து அச்சிடுவீர்களா என்று கேட்டார். கையச்சுக்கு அது மலை. வெளி அச்சகத்தாரோ வழக்குக்கு அஞ்சினர். மறுத்தது நியாயமே. ஆனால் அந்நூலை வேர்ஜினியா இகழ்ந்ததில் இலக்கிய நியாயத்தோடு வர்க்கத் திமிரும் கலந்திருந்தது. டி. எச். லோரன்ஸ் அவர்களை வெறுத்ததற்கும், ‘ஸ்குருற்றினி’ சஞ்சிகையில் லீவிஸ் அவர்களைச் சாடியதற்கும் காரணம் இல்லாமலில்லை. தம்முட் புகழ்ந்துகொள்ளும் கூட்டம் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பெருங் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். 1920இல் அவர்கள் ‘நினைவுரைக் கழகம்’ ஒன்றை அமைத்தனர். ஒவ்வொருவரும் தம் வாழ்வைப்பற்றி எழுதி வாசிக்கவேண்டும், மறைக்கலாகாது, கேட்போரும் தாட்சண்யம் பாராட்டலாகாது. கெய்ன்ஸ் 1938இல் அங்கு வாசித்த கட்டுரையில், தம் இளமைக்கால நம்பிக்கைகளையே, அந்த நண்பர் அனைவரின் பொதுச் சமயத்தையே, மனித இயல்பை அறியாத பேதைமை என்று கூறுபடுத்திக் காட்டினார். அவையிலிருந்தோர் அதே சமயத்தவர்!

இதனினும் நுணுக்கமான சாட்சியம் வூல்ஃப் தம்பதியர் வாழ்விலிருந்து கிடைக்கிறது. ஒவ்வொரு நாவல் முடிந்ததும் முதல் வாசகர் லெனாட். அவர் சொல்லும் சொல்லை மரணதண்டனைக் கைதியைப்போல் வேர்ஜினியா எதிர்பார்த்திருப்பார். அவர் மெய்யன்றிப் பேசமாட்டார் என்பது உறுதி. ஆதலால் அப்புகழ்ச்சிக்கு விலையிருந்தது. 1936இல் ‘வருடங்கள்’ என்ற நாவலின் அச்சுப்படிகளைப் படித்தார். எதிர்பார்த்த தரத்துக்கு அது எட்டவில்லை என்று கண்டார். அவ்வமயம் வேர்ஜினியாவின் மனநலம் நூலிழையில் ஊசலாடியது. உண்மை கூறினால் அவ்விழை அறும். எனவே தாம் கருதியதைவிடக் கூடுதலாகப் புகழ்ந்தார். பல ஆண்டுகளின்பின் தம் சுயசரிதையில் அதனை வெளிப்படையாக எழுதினார். 1940இல் வேர்ஜினியா எழுதிய ரோஜர் ஃப்ரையின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதோ, அதன் அமைப்புமுறையே பிழை என்று உலாவச் சென்ற வழியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறைந்த நண்பரைப்பற்றி மனைவி எழுதிய நூல். இரக்கத்துக்கு இடமிருந்தும் இரங்கவில்லை. முப்பது ஆண்டு இல்வாழ்வில் ஒருமுறை கூறிய பொய்யை ஒரு மனிதர் கணக்கெழுதிவைக்கிறார் என்றால், ஏனைய நாட்களில் அவர் கூறியவற்றின் தன்மையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நம்மிடையே அச்சு இல்லாமற் போகவில்லை. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யை 2012 வரை, தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றும், அவர் நடத்தியது நாமறிந்த செய்தி, ஹோகார்த் அச்சகத்துக்குக் கிடைத்த வசதிகளுட் பத்திலொன்றும் அவருக்கு வாய்த்ததில்லை. நமக்கு அரிதாயிருப்பது மற்றது. நூல் வெளியீட்டு விழாக்களை நோக்குங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை, ஆய்வுரை என நால்வகைப் பெயரில் ஒரே உரை. ஆய்வுரையாளர் குறையொன்றைக் கூற வாயெடுத்தால், ஆசிரியரின் உறவினர் முன்வரிசையில் நெளிவர். மறுநாள் நட்பு முறியும். நண்பரின் கவிதை மோசமானது என்று மேடையில் சொல்லவேண்டாம், வீட்டு விறாந்தையிலிருந்து சொல்வாரும் அருகிவருகின்றனர். கடல் கடந்த நாடுகளிலிருந்து நூல்கள் குவிகின்றன. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் தனிமையில் எழுதுவோர். தம் எழுத்தின் தரம் யாது என்று அறிய அவர்களுக்குள்ள தாகம் உண்மையானது. அவர்களுக்கு நாம் சந்தனமும் பன்னீரும் தெளித்து அனுப்புகிறோம்.

இவ்விலக்கியப் பகுதிக்கு வாரந்தோறும் மதிப்புரைகள் வருகின்றன. அவற்றுட் பல, நூலாசிரியரே தம் நண்பரிடம் எழுதுவித்து நூலோடு சேர்த்து அனுப்புபவை. நண்பரின் கையெழுத்தும் உறைமேலுள்ள முகவரியின் கையெழுத்தும் ஒன்றாயிருப்பதும் உண்டு. வரும் இதழ் முதல் மதிப்புரையாளரை நாமே தெரிவு செய்வோம். நூலாசிரியரை அறியாதவராயின் நன்று; அறிந்தவராயின் அதனை உரையின் தொடக்கத்திலேயே கூறிவிடுவார். கண்டித்து எழுதப்பட்ட மதிப்புரைக்கு நூலாசிரியர் விடையெழுதினால் அதற்கும் இதே பக்கத்தில் இடமுண்டு. நூல் அனுப்புவோர் இரண்டு பிரதிகள் அனுப்பினாற் போதும். மதிப்புரையையும் உடன் அனுப்பவேண்டியதில்லை.